பாட்டும் பத்திரமும்

களியக்காவிளை தொடங்கிச் செங்கோட்டை, கம்பம், கொழிஞ்சாம்பாறை வரை கேரள எல்லையோர வாசகர்கள் பாட்டெழுதுவது பற்றி அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். சென்னை தூரம், திருவனந்தபுரமும் கொச்சியும் கிட்டம் என்ற நிலையில் இருக்கும் ஊர்கள் இவை. இரண்டு மொழிக்காரர்களிடமிருந்தும் வேலை வரும், இரண்டு மொழியிலும் ஒப்பந்தம் வரும். துறையில் இருப்பவர்கள் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: கவிதை எழுதினால் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். மெட்டுக்கு எழுதிக் கொடுத்தால் மட்டும் எங்கள் கொயர் மாஸ்டர், “வரி கொள்ளாம் (நல்லாருக்கு), ஆனா மெட்டுல உக்கார மாட்டேங்கு” என்று திருப்பித் தந்துவிடுகிறார். எங்கே தப்பு?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: சொல்லைத் தேடும் முன்னால் மெட்டை அளக்க வேண்டும். பலரும் அளக்காமலே பொருளில் இறங்கிவிடுகிறார்கள். மெட்டை நாலைந்து தடவை கேட்டுவிட்டு அதைத் தத்தகாரமாக, அதாவது பொருளில்லாத ‘தன தானே’ ஓசையாக, காகிதத்தில் எழுதுங்கள். குறுகிய சுரத்துக்கு ‘த’ அல்லது ‘ன’, நீளும் சுரத்துக்கு ‘தா’ அல்லது ‘னே’, ஊன்றி நிற்கும் இடத்துக்கு ‘தன்’ அல்லது ‘தத்’.

மெட்டு ‘தன்னன தானே தன்னன தானே’ என்று வருவதாக வைத்துக்கொள்வோம். அதற்கு ‘பனிபொழியும் மலையின் மேலே’ என்று எழுதினால் பொருளில் குறையில்லை. ஆனால் ‘தன்’ என்று ஊன்ற வேண்டிய முதல் தட்டில் ‘ப’ என்ற ஒற்றைக் குறில் நிற்கிறது. பாடுகிறவர் தாளத்தை விடமாட்டார், எழுத்தைத்தான் இழுப்பார். பனி ‘பானி’ ஆகிவிடும். இப்போது ‘தென்மலை மேலே வெண்பனி தானே’ என்று பாடிப் பாருங்கள். தென், வெண் இரண்டும் ‘தன்’ விழும் இடத்தில் உட்காருகின்றன. மேலே, தானே என்ற நெடில்கள் நீளும் சுரத்தில் விழுகின்றன. பாடகர் எதையும் இழுக்கவும் வேண்டாம், விழுங்கவும் வேண்டாம்.

குறில் நீண்டால் ஓசை மட்டுமா கெடுகிறது? விடு வீடாகும், கல் காலாகும், எடு ஏடாகும். மிக்ஸிங் முடிந்த பிறகு யாராவது இதைச் சொன்னால் பாடகரைத் திரும்பக் கூப்பிட்டு மைக் முன்னால் நிறுத்த வேண்டியதுதான்.

அடுத்தது ஒற்று. அதே மெட்டில் ‘கண்ணெதிர் நீயே’ என்றால் ‘திர்’ என்பதில் உள்ள ர் இடையினம். நாக்கு வழுக்கிக்கொண்டு ‘நீ’க்குப் போய்விடும். ‘கண்ணுக்குள் நீயே’ என்று எழுதினால் ‘க்’ ஒரு கணம் அடைத்து நிறுத்தும். அந்த நிறுத்தத்துக்கு மெட்டில் இடம் இல்லாததால் பாடகர் ‘கண்ணுகுள்’ என்று பாடிவிட்டுப் போவார். வல்லின ஒற்றே வேண்டாம் என்று சொல்லவில்லை. குத்துப்பாட்டில் பாதித் தாளம் அதில்தான் இருக்கிறது. மெட்டு ‘தத்’ என்று கேட்கிற இடத்தில் வையுங்கள்.

வரியின் கடைசி எழுத்தைத் தனியாகப் பாருங்கள். காற்று, பாட்டு, வந்தது என்று குற்றியலுகரத்தில் (குறுகி ஒலிக்கும் ‘உ’வில்) முடிந்து, அங்கே சுரம் நாலு தட்டு நீண்டால் ‘காற்றூ’ என்று அசிங்கமாக ஊளையிடும். காற்றே, காற்றிலே என்று திறந்துவிட்டால் தீரும். அதற்காக நாலு வரிக்கும் ஏகாரத்தை ஒட்டவைத்தால் கேட்கிறவருக்குச் சலித்துப்போகும். ஒன்றை ‘ஓ’வில் முடியுங்கள், ஒன்றை ‘ம்’மில் முடித்து முனகவிடுங்கள். மெட்டின் உச்ச சுரத்தில் ஆ, ஓ வைத்தால் குரல் விரியும். ‘ஈ’ வைத்தால் பெரும்பாலான குரல்கள் மெலிந்து கிறீச்சிடும்.

மூச்சையும் கணக்கில் எடுங்கள். நிமிடத்துக்கு 70 தட்டு வேகத்தில் 8 தட்டு கொண்ட வரி ஏறக்குறைய 7 வினாடி ஓடும். அதன் நடுவில் மெட்டு எங்கே இடைவெளி விடுகிறதோ அங்கே ஒரு சொல் முடிந்திருக்க வேண்டும். சொல்லைப் பாதியில் பிளப்பதை யாப்பில் வகையுளி என்பார்கள். தாளில் அது கண்ணுக்குத் தெரியாது, ஹெட்போனில் நன்றாகக் கேட்கும்.

கடைசியாக ஒரு சோதனை. பாட்டை நீங்கள் பாடிக் காட்டாதீர்கள். மெட்டு தெரிந்த வேறொருவரிடம் தாளைக் கொடுத்துப் பாடச் சொல்லி, அவர் தடுக்குகிற இடத்தில் எல்லாம் பென்சிலால் கோடு போடுங்கள். விளக்கம் சொல்லவே கூடாது. கோடு விழுந்த சொற்களை மட்டும் மாற்றினால் போதும்.

பழகுவதற்குத் திருப்புகழ் நல்ல கருவி. அருணகிரிநாதர் பாடல்களுக்குப் பல பதிப்புகளில் சந்தத்தைத் தலையிலேயே அச்சிட்டிருப்பார்கள். பாட்டை மறைத்துக்கொண்டு அந்தச் சந்தத்துக்கு மார்த்தாண்டம் தேனைப் பற்றியோ ரப்பர் பால் வெட்டுவதைப் பற்றியோ நாலு வரி எழுதிப் பாருங்கள். கொயரில் இருப்பதால் கீர்த்தனைப் புத்தகமும் உங்களிடம் இருக்கும். அதில் தாளம் குறித்திருக்கும் கீர்த்தனை ஒன்றை எடுத்துக் கையால் தட்டிக்கொண்டே படியுங்கள்.

கேள்வி: பாடலாசிரியர் ஆக கர்நாடக சங்கீதம் முறையாகப் படித்தே ஆக வேண்டுமா?
– வாசகர், செங்கோட்டை

பதில்: வேண்டியதில்லை. ராகப் பெயர் தெரியாமல் காலம் தள்ளலாம், தாளம் தெரியாமல் முடியாது. தகதிமி (4), தகிட (3), தகதகிட (5), தகிடதகதிமி (7) நான்கையும் கையில் தட்டிக்கொண்டே பேசப் பழகுங்கள். உங்கள் பக்கத்து அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தைத் தட்டிக்கொண்டே வாசிப்பதைவிட மலிவான வகுப்பு கிடையாது. ‘இந்த மெட்டு ஏழில் போகிறது’ என்று உங்கள் வாயில் வந்துவிட்டால் இசையமைப்பாளர் உங்களோடு பேசும் விதமே மாறிவிடும்.

கேள்வி: பாறசாலைப் பக்கத்து ஆல்பக்காரர் ஒருவர் தன் மலையாள பக்திப் பாடல்களுக்குத் தமிழ் வரி எழுதித் தரச் சொல்கிறார். மெட்டு அப்படியே இருக்க வேண்டுமாம். என் தமிழ் எப்போதும் மெட்டைத் தாண்டி நீண்டுபோகிறது. இதற்கு அனுமதி ஏதாவது வாங்க வேண்டுமா?
– வாசகர், களியக்காவிளை

பதில்: நீள்வதற்குக் காரணம் வினைமுற்று. மலையாளத்தில் ‘வருன்னு’ என்றால் நானும் வரலாம், அவளும் வரலாம், ஊரே வரலாம். வினையில் ஆளைக் காட்டும் விகுதி கிடையாது. தமிழில் வருகிறேன், வருகிறாள், வருகிறார்கள் என்று ஆளுக்கொரு வால் முளைக்கிறது. அதோடு ‘கிறு’ என்ற இடைநிலையும் சேர்ந்துகொள்கிறது. மெட்டோ மூன்று எழுத்துக்குத்தான் இடம் விட்டிருக்கிறது.

ஆகவே நிகழ்கால முற்றைக் கூடியவரை தவிருங்கள். வந்தாய், வரவா, வருதே, வரும் என்று குறுகிய வடிவங்கள் நிறைய உண்டு. பக்திப் பாட்டில் வினையே இல்லாமல் விளியாக முடித்தாலும் பொருந்தும். வரிக்கு வரி மொழிபெயர்க்கவும் வேண்டாம். பல்லவியின் கருத்து என்ன, ஒவ்வொரு சரணத்தின் கருத்து என்ன என்று ஒவ்வொரு வாக்கியம் எழுதிக்கொண்டு மூல வரியை மூடி வைத்துவிடுங்கள். மலையாளத்தில் இயல்பாக ஒலிக்கும் ‘ப்ரபோ’, ‘க்ருபா’ போன்ற கூட்டெழுத்துகளைத் தமிழ்ப் பாடகர் ஒருவர் ‘பிரபோ’, ‘கிருபா’ என்று உயிர் சேர்த்துப் பாடுவார். ஓர் அசை கூடிவிடும். அதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

அனுமதி கட்டாயம். மொழிபெயர்ப்பு உரிமை மூல வரிகளின் உரிமையாளரிடமும், மெட்டின் உரிமை அதன் உரிமையாளரிடமும் இருக்கும். ஆல்பக்காரர் பாடியவராகவோ பணம் போட்டவராகவோ மட்டும் இருக்கலாம். இரண்டு உரிமையும் தன்னிடம் இருப்பதாக அவரிடம் எழுத்தில் வாங்குங்கள். பின்னால் வழக்கு வந்தால் அதற்கு அவரே பொறுப்பு என்ற வரியும் அதில் இருக்கட்டும்.

கேள்வி: எட்டுப் பாட்டுக்கு ஒரே தொகை தருவதாக ஒரு கம்பெனி சொல்கிறது. ஒப்பந்தத்தில் “உலகம் முழுவதும், என்றென்றைக்கும், எல்லா உரிமைகளும்” என்று போட்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: தொகையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், ராயல்டி (பாட்டு பயன்படும்தோறும் எழுதியவருக்குச் சேரும் பங்குத்தொகை) பற்றிய வாசகத்தைப் பாருங்கள். முன்கதை கொஞ்சம் தெரிந்தால் இது விளங்கும். 1977-இல் உச்ச நீதிமன்றம், படத்துக்காகக் காசு வாங்கிக்கொண்டு எழுதிய பாட்டுக்கு, மாறான ஒப்பந்தம் இல்லையென்றால் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் ஒரு தொகையோடு ஒதுங்க வேண்டியிருந்தது. (அந்த அமர்வில் இருந்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் உங்கள் பாலக்காட்டுக்காரர். பாடகருக்குச் சட்டத்தில் உரிமையே இல்லாத குறையைத் தனிக்குறிப்பாக எழுதினார். நிகழ்த்துநர் உரிமை 1994 திருத்தத்தில்தான் வந்தது.)

நிலைமையை மாற்றியது 2012-ஆம் ஆண்டுத் திருத்தம். பதிப்புரிமைச் சட்டம், 1957-இல் அப்போது சேர்த்த விதிகளின்படி, உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும் ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமை எழுதியவரிடமே நிற்கும். வாரிசுக்கோ, வசூலித்துப் பகிர்ந்து கொடுக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் அதை விட்டுக்கொடுக்க முடியாது. ‘ராயல்டி கேட்கமாட்டேன்’ என்று நீங்களே கையெழுத்துப் போட்டாலும் அந்த வரி செல்லாது. சினிமாப் பாட்டாக இருந்தால் படம் திரையரங்கில் ஓடுவதற்கு மட்டும் இந்தப் பங்கு கிடையாது. மற்றப் பயன்பாடுகளுக்கு உண்டு. உங்களுடையது ஆல்பம் என்பதால் அந்த விலக்கும் பொருந்தாது.

கம்பெனிகள் மௌனமாக விட்டுவிடும் இடங்களும் உண்டு. காலம் குறிப்பிடாத ஒப்பந்தம் 5 ஆண்டுக்கானது என்றும், எல்லை குறிப்பிடாதது இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தவில்லை என்றால், வேறு காலம் எழுதியிருந்தாலொழிய அது உங்களிடமே திரும்பும். பாட்டை வாங்கி அலமாரியில் பூட்டி வைக்கும் கம்பெனிகளுக்கு எதிராக இது நல்ல ஆயுதம். அதனால்தான் ‘என்றென்றைக்கும், உலகம் முழுவதும்’ என்று அவ்வளவு அழுத்தி எழுதுகிறார்கள். பதிப்புரிமை உங்கள் ஆயுளுக்கும் அதற்குப் பின் 60 ஆண்டுக்கும் நீடிக்கும் சொத்து. 5 அல்லது 10 ஆண்டு என்று காலம் போட்டுத் தரக் கேளுங்கள். மறுத்தால் தொகையையாவது ஏற்றச் சொல்லுங்கள்.

‘பணியமர்த்தல்’, ‘ஊழியராக இருந்து எழுதியது’ போன்ற சொல் இருந்தால் அடித்துவிடுங்கள். சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது எழுதியது முதலாளிக்குச் சேரும் என்பது பொதுவிதி. நீங்கள் சம்பளக்காரர் அல்ல. பிறகு, பாட்டுகளின் பெயரையும் முதல் வரியையும் பட்டியலாக இணைக்கச் சொல்லுங்கள். ‘இனி எழுதும் பாடல்களும்’ என்ற சொல் நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை திருத்தம் இலவசம், பாட்டு வெளிவராவிட்டால் முன்பணம் யாருக்கு, உங்கள் பெயர் எங்கெல்லாம் வரும் என்பவையும் எழுத்தில் வரட்டும். இரண்டு மூன்று திருத்தம் நியாயம், அதற்கு மேல் தனிக்காசு.

ராயல்டி தானாக வீடு தேடி வராது. 1969-இல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் பாடலாசிரியர், இசையமைப்பாளர், வெளியீட்டாளர் மூவருக்கும் வசூலிக்கிறது. 2012 திருத்தத்துக்குப் பின் 2017-இல் மறுபதிவு பெற்றது. பாட்டு வெளியானதும் உறுப்பினராகி, ஒவ்வொரு பாட்டையும் பங்கு விவரத்தோடு பதியுங்கள். உறுப்பினர் ஆனதோடு சும்மா இருந்துவிட்டால் உங்கள் பாட்டு ஓடினாலும் யாருடைய கணக்கில் வைப்பது என்று அவர்களுக்குத் தெரியாது. பங்குச் சீட்டை ஒலிப்பதிவு நாளிலேயே எழுதிக்கொள்வது நல்லது. பாட்டின் பெயர், வரி யார், மெட்டு யார், யாருக்கு எத்தனை விழுக்காடு, தேதி, கையெழுத்து. அரைத் தாள் போதும். பாட்டு ஹிட்டான பிறகு ‘அந்தப் பல்லவி நான் சொன்னது’ என்று நாலு பேர் வருவார்கள்.

கேள்வி: சொந்தக் காசில் ஒரு பாட்டு முடித்திருக்கிறோம். ஸ்பாட்டிஃபையிலும் யூடியூபிலும் நாங்களே போடுவது எப்படி?
– வாசகர்கள், கம்பம்

பதில்: ஸ்பாட்டிஃபையில் நேரடியாக ஏற்ற முடியாது, விநியோக சேவை ஒன்றின் வழியாகத்தான் போக வேண்டும். டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், ரூட்நோட் போல நிறைய உண்டு. சில சேவைகள் ஆண்டுக் கட்டணம் வாங்கும், சில வருமானத்தில் பங்கு எடுக்கும். ஒரே பாட்டுக்கு ஆண்டுக் கட்டணம் கட்டுவதென்றால், கட்டாத ஆண்டில் பாட்டை இறக்கிவிடுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கொடுக்க வேண்டியது எம்.பி.3 அல்ல. 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 அல்லது 24 பிட் வேவ் கோப்பு வேண்டும். அட்டைப் படம் 3000க்கு 3000 பிக்செல் சதுரமாக இருக்கட்டும். அதில் போன் நம்பர், கடை லோகோ, இணைய முகவரி எதுவும் கூடாது. நம் ஊரில் ஸ்பான்சர் ஜவுளிக்கடை பெயரைப் போட்டுத் திரும்பி வருகிற அட்டைகள்தான் அதிகம். சத்தத்தைப் பிதுக்கி ஏற்றாதீர்கள். ஸ்பாட்டிஃபை பொதுவாக மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அளவுக்கு இறக்கித்தான் ஒலிக்கவைக்கும். மாஸ்டரிங்கில் நசுக்கிய தவில் அங்கே அட்டையைத் தட்டியது போல் கேட்கும்.

தேதியை மூன்று நான்கு வாரம் தள்ளி வையுங்கள். ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் குழுவுக்கு விண்ணப்பிக்க வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்னால் பாட்டு உள்ளே போயிருக்க வேண்டும். கல்யாண மண்டபம் மாதிரி, நாளை நெருங்கவிட்டுத் தேடினால் கிடைக்காது.

பெயர் நிரப்பும் இடத்தில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். பாடியவர் பெயரைப் போட்டுவிட்டு வரி எழுதியவர் கட்டத்தைக் காலியாக விடுவார்கள். வங்கிக் கணக்கிலும் ஐ.பி.ஆர்.எஸ். பதிவிலும் உள்ள அதே எழுத்துக்கூட்டலில் முழுப்பெயரைக் கொடுங்கள். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த 12 குறி கொண்ட அடையாளம் கிடைக்கும், அதைக் குறித்து வையுங்கள். பிறகு விநியோக சேவையை மாற்றினால் அதே எண்ணைக் கொடுத்தால்தான் பழைய கணக்கு தொடரும்.

இணையத்தில் வாங்கிய பீட்டையோ லூப்பையோ (திரும்பத் திரும்ப ஒலிக்கும் இசைத்துண்டு) வைத்து ப்ரோக்ராமிங் செய்திருந்தால் யூடியூப் கன்டென்ட் ஐடியில் (ஒத்த ஒலியைத் தானாகக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு) சேர்க்காதீர்கள். அதே லூப்பை வாங்கிய இன்னொருவரின் வீடியோவுக்கு உங்கள் பெயரில் கிளெய்ம் (உரிமைக் கோரிக்கை) பாயும், சண்டை வரும்.

வருமானம் பற்றி ஒரு வார்த்தை. ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி கேட்டால்தான் ஒரு கணக்கு. 2024 முதல், கடந்த 12 மாதத்தில் 1000 கணக்கைத் தொடாத பாட்டுக்கு அங்கே ராயல்டி இல்லை. 40 வினாடிப் புல்லாங்குழல் முன்னிசை அழகுதான். குரல் வரும்வரை எத்தனை பேர் காத்திருப்பார்கள் என்று யோசித்து வையுங்கள்.

கேள்வி: எங்கள் கானமேளைக் குழு பாடிய பழைய சினிமாப் பாட்டை யூடியூபில் போட்டோம். கிளெய்ம் வந்துவிட்டது. சேனலை மூடிவிடுவார்களா?
– வாசகர், கொல்லங்கோடு

பதில்: கிளெய்ம் வேறு, ஸ்ட்ரைக் வேறு. கிளெய்ம் என்றால் பெரும்பாலும் விளம்பரக் காசு உரிமையாளருக்குப் போகும், அவ்வளவுதான். உரிமையாளர் கேட்டு வீடியோவையே நீக்கவைத்தால் விழுவது ஸ்ட்ரைக். அது 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனல் போகும். மேடைக்கு வாங்கிய அனுமதி யூடியூபுக்குச் செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: அண்ணாச்சி, எங்க ஊர்ப் பேச்ச பாட்டுல வச்சா சென்னைக்காரனுக்கு வெளங்குமா?
– வாசகர், குளச்சல்

பதில்: பல்லவிக்கு ஒரு சொல் வையுங்கள், கட்டாயம் விளங்கும். ‘பைய வா மக்கா’ என்றால் பொருள் தெரியாதவருக்கும் தாளம் பொருள் சொல்லிவிடும். ஆனால் வரிக்கு மூன்று வட்டாரச் சொல் வந்தால் கேட்கிறவர் அகராதி தேடிப் போய்விடுவார். ஒலிப்பதிவில் நீங்கள் கூடவே இருங்கள். முடியாவிட்டால் அந்தச் சொல்லை உங்கள் வாயால் சொல்லி வாய்ஸ் மெசேஜாக அனுப்புங்கள். ‘லே’ என்று அன்பாக அழைப்பதற்கும் அதட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் எழுத்தில் ஏறாது.

கேள்வி: வயது 45. சினிமாவில் யாரையும் தெரியாது. பாட்டை யாருக்கு, எப்படி அனுப்புவது? திருடிவிட்டால் என்ன செய்வது?
– வாசகர், தக்கலை

பதில்: பெரிய இசையமைப்பாளரின் வீட்டு வாசலை விட்டுவிடுங்கள். உங்களுக்கு வேண்டியவர்கள் கீபோர்டு ப்ரோக்ராமர்கள், குறும்பட இயக்குநர்கள், பக்தி ஆல்பம் செய்பவர்கள், விளம்பர ஜிங்கிள் எடுப்பவர்கள். அவர்களுக்கு வாரந்தோறும் வரி தேவைப்படுகிறது, கேட்க ஆள் இல்லை. திருவனந்தபுரம் ஸ்டூடியோக்களையும் விசாரியுங்கள். மலையாளப் படங்களில் தமிழ்ப் பாத்திரம் வந்தால் தமிழ் வரி தேவைப்படும்.

முப்பது பக்கக் கவிதையை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டால் யாரும் திறக்கமாட்டார்கள். மூன்று பாட்டு போதும். ஒவ்வொன்றிலும் பல்லவியும் ஒரு சரணமும், ஒரு நிமிடத்துக்குள். ஒன்று மெலடி, ஒன்று குத்து, மூன்றாவது ஏற்கெனவே உள்ள ஒரு தாளத்துக்குக் கிண்டலோ தாலாட்டோ. போனில் பதியலாம்; மின்விசிறியை நிறுத்திவிட்டு, துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதன் முன்னால் நின்று பதிந்தால் எதிரொலி அடங்கும். கூடவே வரிகள் அடங்கிய ஒரு பக்க பி.டி.எஃப்., அதில் பெயர், எண், தேதி. ‘இந்தச் சூழலுக்கு நாளைக்குள் வேண்டும்’ என்று யாராவது கேட்டால் நாளைக்குள் கொடுங்கள். இந்தத் தொழிலில் இரண்டாவது வாய்ப்பு பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணமோ ‘பதிவுக் கட்டணமோ’ கேட்பவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். காசு உங்கள் பக்கம்தான் வர வேண்டும்.

திருட்டைப் பற்றி: எழுதி முடித்த கணமே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் பதிவு செய்திருந்தால் வழக்கில் அது முதல்நிலைச் சான்று. மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத் தளத்தில் இணையவழி விண்ணப்பிக்கலாம். பாடல் வரிக்கு, அதாவது இலக்கியப் படைப்புக்கு, 500 ரூபாய். விண்ணப்பத்துக்கான நாட்குறிப்பு எண் (டைரி நம்பர்) கிடைத்த பின் எதிர்ப்புக்காக 30 நாள் காத்திருப்பு உண்டு, அதற்குப் பிறகுதான் பரிசீலனை. தனக்குத் தானே பதிவுத் தபால் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைத்திருக்கும் பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. அதற்குச் சட்டத்தில் தனி மதிப்பு எதுவும் இல்லை. அதைவிட வரிகளையும் பாடிய பதிவையும் யாருக்கு அனுப்பினாலும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். எந்தத் தேதியில், யாரிடம், எந்த வடிவம் போனது என்பது அங்கே தானாகப் பதிவாகிவிடும்.